ஒன்றாம் எண் பதில் சொல்லவில்லை

செய்தி வந்தபோது நான் மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். செய்முறைத் தேர்வு நாள். லேபில் இரண்டு கம்ப்யூட்டர் மக்கர் செய்தன. அந்த எரிச்சலில் போனை எடுத்து, "அப்புறம் பேசறேன்" என்றேன். மறுமுனையில் நாச்சிமுத்து சாரின் தம்பி. "அண்ணன் போயிட்டாருங்க அம்மணி. காலைல எட்டு மணிக்குங்க" என்றார். பிறகு, "வேலையா இருக்கறப்ப தொந்தரவு பண்ணிப்போட்டனுங்களா?" என்று கேட்டார். அண்ணனைப் பறிகொடுத்தவர் கேட்கிற கேள்வியா இது? எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள்.

கோவை துடியலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியில் படித்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாணவர் ஆலோசகர், பெருந்துறைக்காரர். அங்கே ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து, குடித்துக் குடித்தே வேலையைத் தொலைத்தவர். பிறகு விட்டார். தபால் வழியில் சமூகப்பணி படித்து இங்கே வந்து சேர்ந்தார். பதினோரு வருடம் தொடவில்லை. இதை அவர் மறைத்ததே கிடையாது. முதலாண்டுப் பிள்ளைகள் முன்னால் நின்று, "நானும் குடிகாரன்தான் கண்ணுகளா. இன்னிக்குக் குடிக்கலை, அவ்வளவுதான்" என்பார். அவர் அறையில் ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள்.

நான் கணினித் துறையில் பாடம் நடத்துகிறவள். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு செயலி செய்யச் சொன்னார்கள். மனச்சோர்வோ குடியோ மாத்திரையோ, நேரில் சொல்லக் கூசும் பிள்ளைகள் போனிலாவது சொல்லட்டும் என்பது எண்ணம். தினமும் காலையில் நான்கு கேள்வி, கடைசியில் வேறு ஏதாவது எழுத ஒரு கட்டம். "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்ற முதல் கேள்விக்கு நன்று, பரவாயில்லை, சரியில்லை என்று மூன்று பட்டன் வைத்தேன். முதல் மாதம் முழுக்கப் பரவாயில்லை, பரவாயில்லை என்றே வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, நம்மூர்க்காரன் கால் ஒடிஞ்சு கெடந்தாலும் பரவாயில்லைங்கன்னுதான் சொல்லுவான். அந்தப் பட்டனை மொதல்ல எடுத்துப்போடுங்க." எடுத்தேன். அடுத்த வாரமே திரையில் சிவப்பு சிவப்பாக வந்தது.

அந்தச் சிவப்பில் ஒருவர் வால்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டு மாணவர். வலி மாத்திரையைப் போதைக்குப் போட்டுப் பழகியவர். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் மூன்று நாளாகச் செயலியில் பதில் சொல்லவில்லை. நான் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. சார் பஸ் ஏறிவிட்டார். மலைப்பாதை அவருக்கு ஆகவே ஆகாது. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போய், அந்தப் பையனைக் கண்டுபிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனாராம். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். இரண்டாவது டீ முடிந்ததும், "நான் கீழ எறங்கோணும் கண்ணு. தனியாப் போனா மறுபடியும் வாந்தி வரும். கூட வாரயா?" என்றாராம். பையன் வந்தார். சிகிச்சை எடுத்தார், படிப்பையும் முடித்தார். சாரின் உடல் வீட்டுக்கு வந்திறங்கியபோது வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதவர் அவர்தான்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள், செயலியின் எச்சரிக்கையை மாற்றச் சொன்னார் சார். பதில் வராவிட்டாலோ சிவப்பாக வந்தாலோ எங்கள் இருவர் போனிலும் மணி அடித்து, "பயனரைத் தொடர்பு கொள்ளவும்" என்று வரும்படி நான் வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: "போன் போடாதீங்க. நேர்ல போங்க. டீ வாங்கிக் குடுங்க." "இது செயலியா, உங்க மாமியாரா சார்?" என்று கேட்டேன். "மாமியார் சொன்னாத்தானுங்க கேப்போம்" என்றார். அப்படியே போட்டேன்.

செயலியின் முதல் கணக்கு அவருடையது, ஒன்றாம் எண். எந்த மாற்றம் செய்தாலும் அவர் போனில்தான் சோதிப்போம். வேண்டுமென்றே எல்லாவற்றையும் சிவப்பாக அழுத்தி, மணி அடிக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நாள் நான் முதல்வர் அறையில் இருக்கும்போது அது விடாமல் அடித்தது. வெளியே வந்து கத்தினேன். "உங்க விளையாட்டுல என் மானம் போகுது சார்!" அவர் சிரித்தார். "சரிங்க அம்மணி, என்னைய அதுலிருந்து எடுத்துப்போடுங்க." ஒரே ஒரு வரி எழுதினேன். ஒன்றாம் எண்ணிலிருந்து என்ன வந்தாலும், வராவிட்டாலும் மணி அடிக்க வேண்டாம், திரையிலும் காட்ட வேண்டாம். இரண்டு நிமிட வேலை.

கடைசி இரண்டு மாதம் ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். கண் மஞ்சளாக இருந்தது. "என்ன சார் இது?" என்றேன். "காமாலையாட்ட இருக்குதுங்க. பரவாயில்லைங்க அம்மணி" என்றார். அந்தப் பட்டனை எடுக்கச் சொன்ன மனுஷன் என் முகத்துக்கு நேரே அதையே சொல்கிறார். நான் மடச்சி, கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். ஈரல் முழுக்கப் போய்விட்டது என்பதும், மறுபடி குடித்துக்கொண்டிருந்தார் என்பதும் சாவு வீட்டில்தான் தெரிந்தது. ஏன் குடித்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள், அவர் கணக்கை மூடுவதற்காகத் திறந்தேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேரும்வரை, இரண்டு மாதமாக, ஒரு நாள் விடாமல், காலையில் பதில் சொல்லியிருக்கிறார். எப்படி இருக்கிறீர்கள்? சரியில்லை. தூக்கம்? இல்லை. நேற்றுக் குடித்தீர்களா? ஆமாம். யாரிடமாவது பேச வேண்டுமா? ஆமாம். ஒவ்வொரு நாளும் கீழே செயலி சொல்லியிருக்கிறது: "உங்கள் ஆலோசகர் உங்களைத் தேடி வருவார்."

"சோதனைக்கு அழுத்தியிருப்பார், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார்கள் துறையில். நானும் நம்பத்தான் பார்த்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற கட்டத்தில், பட்டன் இல்லாததால் தன் கையால் தட்டி வைத்திருக்கிறார்: "பரவாயில்லைங்க."

அன்றைக்கே நான் எழுதிய அந்த வரியை அழித்தேன். கணக்கை மூடவில்லை. அதனால் தினமும் காலை ஒன்பது மணிக்கு என் போனில் மணி அடிக்கிறது. ஒன்றாம் எண் பதில் சொல்லவில்லை. போன் போடாதீங்க. நேர்ல போங்க. டீ வாங்கிக் குடுங்க.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இதுதான். ஒரு வரி எழுதினால் நின்றுவிடும், எழுத மாட்டேன். மணி அடித்ததும் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விடுகிறேன். எங்கே வர வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டீர்களே, சார்.