லேபல் இல்லாத சட்டைகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கிய காலத்தில் அம்மாவின் தம்பி கனடாவுக்குப் புறப்பட்டார். ஏஜென்ட் அவரைப் பல நாடுகள் சுற்றிக் கூட்டிவந்தான்.
2. மெக்சிகோவின் வடக்கே, பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஒரு சிறிய பழைய நகரத்திலிருந்து மாமா எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்.
3. அதற்குப் பிறகு எடுக்கவில்லை.
4. அடுத்த மார்ச் பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் அந்த நகரத்துக்குப் போனோம்.
5. அங்கே நான் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அம்மா சிரித்தார்.

முதல் நான்கையும் யார் கேட்டாலும் என்னால் சொல்லிவிட முடியும். ஐந்தாவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். சட்டைக் கழுத்தில் லேபல் தைப்பது மட்டும்தான் அவருடைய வேலை. வீட்டுக்கு வந்ததும் என் சட்டைகளிலிருந்து லேபலைப் பிரித்தெடுப்பார், எனக்குக் கழுத்துக் கடிக்கும் என்பதால்.

"பகல் முழுக்கத் தைக்கிறன், பின்னேரம் இருந்து பிரிக்கிறன். நல்ல பிழைப்பு" என்பார்.

மாமா புறப்படுமுன் அம்மா அவருக்கு மூன்று சட்டைகள் அனுப்பினார். ஏதோ சிறு பிழைக்காகத் தொழிற்சாலையில் ஒதுக்கியவை. அவற்றின் லேபலும் அம்மா தைத்ததுதான்.

மாமாவின் கடைசி அழைப்பில் நானும் பேசினேன்.

"இஞ்ச ஒரு பழைய தேவாலயம் இருக்கு பிள்ளை, வெள்ளை வெளேரெண்டு. வெயிலுக்குக் கண் கூசுது."

"நீங்கள் அங்க என்ன செய்யிறியள்?"

"சும்மா சுத்திப் பார்க்க வந்தனான். அம்மாவைப் புட்டு அவிச்சு வைக்கச் சொல்லு, பேந்து வாறன்."

நான் அப்படியே நம்பினேன். அதனால்தான், அந்தத் தேவாலயத்தைப் பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்னபோதும் நம்பினேன். வகுப்பில் சொன்னேன். ஆசிரியை ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். புதுக் குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

நகரம் நான் நினைத்ததைவிடச் சிறியது. நடுவில் ஒரு சதுக்கம், அதைச் சுற்றி ஆரஞ்சுப் பழம் தொங்கும் தோடை மரங்கள், ஒரு முனையில் அந்த வெள்ளைத் தேவாலயம். கடைசித் தெரு முடிந்த இடத்திலேயே பாலைவனம் தொடங்கியது. இடையில் ஒரு வேலிகூட இல்லை. மணிக்கோபுரம் இரண்டு, தோடை மரம் இருபத்திரண்டு என்று குறித்துக்கொண்டேன். மற்றச் சுற்றுலாக்காரர் படம் எடுத்தார்கள். அப்பா கையிலிருந்த மாமாவின் படத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் நாள், ஒரு விடுதிக்காரப் பெண் அந்தப் படத்தை அடையாளம் கண்டார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது. எல்லைக்கு நடந்து போகிறவர்கள் தண்ணீரை மட்டும்தான் தூக்கிப்போவார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு உள்ளே போய் மாமாவின் பையை எடுத்துவந்து தந்தார்.

எங்கள் அறையில் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். நான் எழுதினேன்: துவாய் ஒன்று. திருநீறு மடித்த சரை ஒன்று. சவர்க்காரம் பாதி. சட்டை இரண்டு.

சட்டைகளை எழுதும்போதுதான் கவனித்தேன்.

"அம்மா, மாமாவுக்கும் என்னை மாதிரிக் கழுத்துக் கடிக்குமே? லேபலை வெட்டியிருக்கிறார்."

அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா ஒரு சட்டையை உள்பக்கம் புரட்டினார். விலாத் தையலில் இருக்கும் துவைக்கும் குறிப்புத் துண்டுகூட இல்லை. ஒரு நூலும் மிச்சமில்லாமல் பிளேடால் நறுவிசாக எடுத்திருந்தது. அந்த இடத்தை அம்மா பெருவிரலால் தடவினார். பிறகு சிரித்தார்.

"ஓம், சின்னனிலயிருந்தே அவனுக்குக் கடிக்கும். உன்னைப் போல ஒரு கரைச்சல்."

'மாமாவும் நானும் ஒரே மாதிரி' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்தக் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா மிச்சத்தைச் சொன்னார். மாமாவோடு நடந்தவர்களில் ஒருவர், நாங்கள் புறப்படுவதற்கு முன்னரே டொரொன்டோவுக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் மாமா ஒரு பற்றைச் செடியின் நிழலில் இருந்துவிட்டார், பிறகு எழும்பவில்லை என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பயணத்தில் விடுமுறைக்குப் போனது நான் ஒருத்திதான்.

லேபலை வெட்டச் சொன்னது ஏஜென்ட். பிடிபட்டால் எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று யாருக்கும் தெரியக்கூடாது. மாமா எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். மொன்ட்ரியாலில் தைத்தது என்று சொல்லக்கூடிய அந்த ஒரு துண்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்றாவது சட்டை அவர் உடம்பில் இருந்திருக்கும்.

பை இப்போது, நாங்கள் பிறகு குடிவந்த ரொக்ஸ்பரோ வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மாமாவின் படம் உயிரோடு இருப்பவர்களின் படங்களோடு தொங்குகிறது. திதி தெரியாததால் திவசமும் இல்லை. பாலைவனத்தில் கிடைத்த உடல்களை அடையாளம் காண்கிறவர்களுக்கு அம்மா போன வருடம் டி.என்.ஏ. சோதனைக்கு உமிழ்நீர் மாதிரி கொடுத்தார். படிவத்தை நான் நிரப்பினேன். உடையில் லேபல் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

இன்னும் பதில் வரவில்லை.