மேகத்துக்குள் மூன்றாம் குரல்

கொடைக்கானல் மேல்மலையில் வெள்ளைப்பூண்டு போட்டுவந்த சின்னச்சாமி, சீசனில் டூரிஸ்ட்டுகளுக்கு வழிகாட்டியும்கூட. பள்ளிக்கூடத்தில் ஏறாத இங்கிலீஷ் காட்டுப் பாதையில் ஏறிவிட்டது. டூரிஸ்ட் 'ஐ நோ' என்றால் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்றால் வாங்கியாயிற்று, ஆனால் நம்பவில்லை. 'ரியலைஸ்' மட்டும் எல்லாம் கைமீறிய பிறகுதான் வரும். அவர் அகராதி அவ்வளவுதான். டிக்‌ஷனரி போட்டவர்கள் சண்டைக்கு வரட்டும், அவர்கள் இந்தக் காட்டில் நடந்ததில்லை.

மேகம் இறங்கிவிட்டால் அவர் ஊரில் யாரும் முதல் கூப்பாட்டுக்குப் பதில் கொடுப்பதில்லை, இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாம் தடவை கூப்பிடுவது மனுஷர் மட்டும்தான். மதுரையிலிருந்து தனியாக வந்திருந்த சுசித்ராவிடமும் இதைச் சொல்லித்தான் கூட்டிப்போனார்.

"ஐ நோ அண்ணா, யூடியூப்ல பாத்தேன்," என்றாள். அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

மத்தியானம் பள்ளத்தாக்கு ஓரத்தில் மேகம் கவிந்தது. போட்டோ எடுக்கப் பின்தங்கியவளைக் காணவில்லை. கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் பள்ளத்துப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"சுசித்ராம்மா, இங்கிட்டு வாங்க."

அவருடைய குரலேதான். பீடிக் கமறல்கூட மாறவில்லை.

"இந்தா வர்றேண்ணா," என்று சுசித்ராவின் பதில் கேட்டது. காலடிச் சத்தம் பள்ளத்தை நோக்கிப் போனது.

சின்னச்சாமி அவள் பெயரைச் சொல்லி மூன்று முறை கத்தினார். பள்ளத்துக் குரலும் கூடவே கத்தியது, ஆனால் இரண்டு முறையோடு அடங்கிவிட்டது. காலடியும் நின்றது. கொஞ்ச நேரத்தில் மேகத்தை விலக்கிக்கொண்டு சுசித்ரா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"ஏம்மா, மொதக் கூப்பாட்டுக்கே பதில் சொல்லிட்டீங்களே."

"நான் வாயே தெறக்கலண்ணா. மூணாவதுக்குத்தான் காத்திருந்தேன்."

சின்னச்சாமிக்குப் போன உயிர் திரும்பியது. 'ஐ நோ' என்று சொன்ன பெண் நிஜமாகவே புரிந்துகொண்டிருக்கிறாளே என்று உள்ளுக்குள் மகிழ்ந்துபோனார். கையை விடாமல் ஊர்ப் பாதையில் இறங்கினார்.

"சின்னச்சாமிண்ணா," என்று பின்னாலிருந்து சுசித்ராவின் குரல் கூப்பிட்டது. பக்கத்தில் நடந்தவள் வாய் அசையவில்லை. அவர் திரும்பவில்லை.

"சின்னச்சாமிண்ணா."

திரும்பிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

"சின்னச்சாமிண்ணா, எங்கண்ணா இருக்கீங்க? கால் வழுக்குதுண்ணா."

மூன்றாம் தடவை. அப்படியானால் பள்ளத்து ஓரத்தில் நிற்பதுதான் சுசித்ரா. அவர் அகராதியின் கடைசிச் சொல் அப்போதுதான் அவருக்கு வந்தது. பதில் கொடுக்க நின்றார், கையை உதறினார்.

சில்லிட்ட விரல்கள் விடவில்லை.