மேல்வீட்டு மதாமின் சப்பாத்து

அந்த வருடம் எங்கள் ஆசிரியை நாடுகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார். எனக்கு வந்தது பிரேசில். குதித்தேன். உடனே அவர், தலைநகரம் வேண்டாம், கடற்கரை வேண்டாம், பயிர் செய்து பிழைக்கும் ஒரு சின்ன ஊரைப் பிடித்து அதன் வரலாற்றையும் புவியியலையும் வகுப்பின் முன் நின்று சொல்ல வேண்டும் என்றார். குதித்த கால் அப்படியே நின்றுவிட்டது. போன தடவை எரிமலை பற்றிப் பேச எழுந்து, மூன்று வாக்கியத்தோடு உட்கார்ந்தவள் நான். பின்வரிசை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. இந்த முறையும் சிரித்தால் பள்ளிக்கூடப் பக்கமே போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

பாரிசில், லா சப்பலில் எங்களோடு இருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஆரார் எந்த ஊர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"மேல்வீட்டு மதாம் பிரேசில்தானே? கமக்கார ஊராம், தோட்டம் செய்யிற சனமாம். நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மதாம் எங்கள் தலைக்கு மேலே காலையும் மாலையும் டக் டக் என்று நடப்பவர். படியில் கண்டால் இருவரும் ஒரு போன்ஜூர் சொல்வார்கள், அவ்வளவுதான். அவர் கடந்துபோனதும் அம்மா தமிழில் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வார், விளங்க ஆளில்லை என்ற துணிவில்.

ஞாயிற்றுக்கிழமை மதாம் வந்துவிட்டார்.

"பிள்ளை, உந்தக் கதிரையை இழுத்துவிடு" என்றார் அம்மா. நான் அசைவதற்குள் மதாமே கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "மேசையைத் துடைச்சனியோ?" என்று மாமாவை அம்மா கேட்டார். மதாம் மேசையிலிருந்து சட்டென்று கையை எடுத்தார். அம்மாவின் முகம் வெளுத்தது. என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயோ, உவவுக்குத் தமிழ் விளங்குது! போன கிழமை படியிலை உவவின்ரை சப்பாத்தைப் பற்றி நான் என்னெல்லாம் சொன்னனான்!"

அம்மாவின் இரகசியம் எப்போதும் பக்கத்து அறைவரை கேட்கும். அங்கே மதாம் சப்பாத்துப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினார். "சப்பாத்து, வுய்! டக் டக். பார்தோன், மதாம்!" என்று மன்னிப்பும் கேட்டார்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வீடே அமளிப்பட்டது. அம்மா யன்னலைக் காட்டினார், குசினி அடுப்பில் இருந்த தாச்சியைத் தூக்கிக் காட்டினார். மதாம் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட அதே பெயரைத் தன் மொழியில் சொல்லிக் கைதட்டினார். நான் நடுவில் புகுந்து, வகுப்பில் சொல்ல அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டேன். பாதி பிரெஞ்சிலும் பாதி கையிலுமாக அவர் சொன்னார். காட்டை வெட்டிக் கோப்பி வைத்தவர்கள் உண்டாக்கிய ஊர். ஒருநாள் கடும் பனி விழுந்து கோப்பி மரமெல்லாம் கருகிப்போக, சோளமும் சோயாவும் மரவள்ளியும் போட்டார்களாம். மழை பெய்தால் அந்தச் செம்மண் சப்பாத்தை விடாதாம். மண்ணை உதற ஓங்கி ஓங்கி நடந்து பழகிய கால், பாரிசுக்கு வந்தும் திருந்தவில்லையாம்.

வகுப்பில் நான் அந்தக் காட்டை வெட்டினேன், கோப்பியைக் கருக்கினேன், செம்மண்ணில் நடந்தும் காட்டினேன். பின்வரிசை சிரித்தது, ஆனால் என்னோடு சேர்ந்து சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் என் சொந்தக் கண்டுபிடிப்பையும் அவிழ்த்துவிட்டேன்: "இந்த ஊர் மக்கள் கொஞ்சம் தமிழ் பேசுவார்கள். எங்களிடம் கற்றுக்கொண்டார்கள்."

எப்போது என்று ஆசிரியை கேட்டார்.

"முந்தி" என்றேன்.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கடை சொல்லுகளைத்தானே கொண்டுபோயிருக்கினம். பாவம், வைச்சிருக்கட்டும்" என்றபடி மதாமுக்கு மரவள்ளிக் கறியைக் கிண்ணத்தில் போட்டார். ஊரில் சரித்திரம் படித்தவரான மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கிண்ணத்தோடு படியேறப் புறப்பட்ட தன் அக்காவின், அதாவது அம்மாவின், முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

போர்த்துக்கேயர் பிரேசில் கரையிலும் எங்கள் ஊர்க் கரையிலும் இறங்கி, கோட்டை கட்டி, யாரையும் கேட்காமல் விட்டுப்போன சொற்கள்தான் சப்பாத்தும் கதிரையும் மேசையும் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்று மாமா பேசாமல் இருந்ததற்கு நான் கண்டுபிடித்த காரணம், என் கெட்டித்தனத்தில் அவருக்குப் பொறாமை என்பதுதான்.