செவ்வாய்க்கிழமைப் பாடகி

அந்த வருடங்களில் எனக்கு எதற்கும் அழுகை வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்ணீரை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் அண்ணையின் வீட்டு மேலறையில் இருந்தேன். பகலில் ஒரு டிரை கிளீனிங் கடையில் ஊர் பேர் தெரியாதவர்களின் சட்டைகளை அயர்ன் பண்ணினேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசையில் ஓர்கன் வாசித்தேன். இவ்வளவுதான் என் வாழ்க்கை. குறையென்றும் சொல்லமாட்டேன், நிறைவென்றும் சொல்லமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள் லீவு. மத்தியானம் கோயில் மண்டபத்துக்குப் போவேன். கோயிலென்றால் நாங்கள் கத்தோலிக்கர், மாதா கோயில். அந்த மண்டபத்தில் ஒரு பழைய மின்சார ஓர்கன் கிடந்தது. அதில் ஞாயிற்றுக்கிழமைக்கான பாட்டுகளை வாசித்துப் பழகுவேன். 1988இல் ஒரு செவ்வாய், நான் வாசித்து முடித்துத் திரும்பினால், வாசலில் ஒரு கறுப்பினப் பெண்மணி கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியிருப்பார். மூன்று மணியிலிருந்து மண்டபத்தைத் தான் வாடகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டு எழுந்தேன்.

"இரு. இப்படிப் பிந்தி வாசிக்க எங்கே பழகினாய்?" என்றார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். நினைவில் இருக்கிறபடி தமிழில் தருகிறேன்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பிந்தி வாசிக்கிறேன் என்றால் பிழையாக வாசிக்கிறேன் என்றுதானே அர்த்தம். எங்கள் ஊர்க் கோயிலில் சனம் பாட்டை இழுக்கும். முன்வரிசை ஒரு வரியை முடித்த பிறகும் பின்வரிசை அதே வரியில் நிற்கும். ஓர்கன்காரி முந்திக்கொண்டு போனால் பாட்டு இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவே குரல் வரட்டும் என்று காத்திருந்து, அதன் பின்னாலேயே விரலை வைக்கப் பழகிக்கொண்டேன். இதையெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரித்தார்.

"லண்டனில் காசு கொடுத்து வைத்த ஆட்களிடம் இதைத்தான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். எல்லாரும் எனக்கு முன்னால் ஓடுகிறார்கள்" என்றார்.

அப்படித்தான் நான் ஒரு சோல் பாடகிக்கு வாசிக்கத் தொடங்கினேன். சோல் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கோயிலில் பாடுவதுபோலவே அடிவயிற்றிலிருந்து பாடுவது, ஆனால் ஆண்டவருக்குப் பதிலாகக் கைவிட்டுப் போன ஆம்பிளையைப் பார்த்துப் பாடுவது என்று நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன். ஃபங்க் என்பது அதையே இடுப்பை ஆட்டிப் பாடுவது. அவரிடம் சொன்னபோது, இதைவிடச் சரியாக ஒருவரும் சொன்னதில்லை என்றார்.

நான் அவரை 'மிஸ்' என்றேன். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றார். அக்கா என்று கூப்பிடவா, அப்படியென்றால் மூத்த சகோதரி என்று கேட்டேன். தனக்கு ஏற்கெனவே ஒரு தங்கை இருக்கிறாள், ஆனால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்றார். அன்றிலிருந்து அக்கா.

கரீபியன் தீவொன்றிலிருந்து சிறுமியாக வந்தவர் அவர். தேவாலயத்தில் பாடத் தொடங்கி, எழுபதுகளில் ஒரு பெரிய ஃபங்க் குழுவின் முன்னால் நின்று பாடினார். ஒரே ஒரு பாட்டுத்தான் கிளப்புகளில் ஓடியது. பிறகு குழு உடைந்தது. பேஸ் கிட்டார்க்காரர் அமெரிக்கர்களோடு சேர்ந்து ஜெர்மனிக்குப் போனார், இவரையும் இரண்டு குளிர்காலம் அங்கே கூப்பிட்டார். அங்கே ஒரு டிரம்பெட்காரர் பழக்கமானார். அவருடைய மைத்துனர் லண்டனில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்த ஸ்டூடியோவில்தான் அக்கா பெரிய பாடகர்கள் பலருக்குப் பின்குரல் கொடுத்தார். எங்கள் சனம் கலியாண வீட்டில் சொந்தம் பிடிக்கிறது போலத்தான் இவரும் பாட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வார்: இன்னாரின் தம்பி, இன்னாரைக் கலியாணம் முடித்தவர், அவருக்கு வாசித்தவர். "அந்தக் காலத்துப் பாட்டுகளில் யாராவது 'ஊ' என்றால், பாதி இடத்தில் அது நான்தான்" என்பார். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விலகிப்போயிருந்தார்கள். டிரம்ஸ்காரர் பஸ் ஓட்டினார். ஓர்கன்காரர் செத்துப்போயிருந்தார்.

மூன்று வருடம் செவ்வாய்தோறும் போனேன். சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால் தெரியாது. அந்த இரண்டு மணிநேரமும் ஒன்றையும் நினைக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய காரியம். நேரம் முடிந்ததும் ஓர்கனை மூடி, கோட்டைப் போட்டுக்கொண்டு, "ஓகே அக்கா, ஐ கம்" என்பேன். நாங்கள் புறப்படும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. சொன்னால் அபசகுனம். 'வாறன்' என்றுதான் சொல்வோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்து விட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் "எனக்குத் தெரியும்" என்பார். அடுத்த செவ்வாய் நான் போய் நிற்பேன். ஆகவே அந்தச் சொல்லில் இருந்த பிசகு எங்கள் இருவருக்கும் தெரியவரவேயில்லை.

1991இல் ஒரு நாள் அவர் கோபத்தோடு வந்தார். பஸ்ஸில், கடைகளில், எல்லா இடத்திலும் ஒரு புதிய டான்ஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் உச்சத்துக்குப் போகும் குரல் அவருடையது. அவருடைய அந்தப் பழைய பாட்டிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். தொலைக்காட்சியில் அந்தக் குரலுக்கு வாயசைத்தது ஒல்லியான வேறொரு பெண். இசைத்தட்டின் உறையில் அக்காவின் பெயர் இல்லை. "ஊ என்பதை எடுத்திருந்தால் விட்டிருப்பேன். இது என் பாட்டு" என்றார்.

படியேறி இறங்கி, கடைசியில் ஒரு வாய்ப்புப் பெற்றார். தொலைக்காட்சியில் மத்தியான நிகழ்ச்சி ஒன்றில் அந்தப் பாட்டை நேரடியாகப் பாடலாம். டேப் இல்லை, குழு இல்லை, ஓர்கன் மட்டும். அப்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று சனத்துக்குத் தெரியும். நிகழ்ச்சிக்காரர்கள் தங்களிடம் நல்ல ஓர்கன்காரர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேவையில்லை, எனக்கு ஆள் இருக்கிறது என்றாராம். அந்த ஆள் நான்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி. அதே வாரம் திங்களன்று, கடைக்கு அண்ணையின் போன் வந்தது. ஊரில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற தம்பி ஷெல் விழுந்து செத்துப்போனான். "சரி அண்ணை" என்று போனை வைத்தேன். கையில் இருந்த சட்டையை அயர்ன் பண்ணி முடித்தேன். அடுத்ததையும் பண்ணினேன். கடைக்கார அம்மா வந்து கையைப் பிடித்தபோதுதான், காலரை அயர்ன் பண்ணாமல் விட்டிருந்தது தெரிந்தது.

வீட்டில் தொலைக்காட்சிக்கு மேல் வெள்ளைத் துணி போட்டாயிற்று.

"செத்தவீட்டில இருந்துகொண்டு ரீவியில போய் வாசிக்கப்போறியோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார் அண்ணை.

"நான் போகேல்லை அண்ணை."

"அப்ப அந்த மனிசிக்கு நேரத்தோட சொல்லிப்போடு. பாவம், வேற ஆளைப் பிடிக்கட்டும்."

"ஓம்" என்றேன்.

அண்ணையை நான் வாழ்நாளெல்லாம் பழமைவாதி என்று நக்கலடித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் சரியாக யோசித்தது அவர் ஒருவர்தான்.

செவ்வாய் சொல்லத்தான் போனேன். அக்கா வெள்ளிக்கிழமை போடவிருந்த மினுமினுவென்ற பச்சைச் சட்டை ஒன்றை எடுத்து வந்திருந்தார், எனக்குக் காட்ட. அதை உடம்போடு வைத்துப் பிடித்துக்கொண்டு, "கொழுத்துவிட்டேனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தம்பி என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று இருந்தது. உட்கார்ந்து வாசித்தேன். துக்க வீட்டுக்காரி வாசிக்கக் கூடாது, ஆனாலும் வாசித்தேன். அவர் அவ்வளவு நன்றாக ஒருநாளும் பாடியதில்லை. முடிந்ததும் ஓர்கனை மூடி, கோட்டைப் போட்டுக்கொண்டு, "ஓகே அக்கா, ஐ கம்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

பழக்கதோஷத்தில் வந்த சொல் என்று பிறகு எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என்ன அர்த்தத்தில் அது அவர் காதில் விழும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியும். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். திருத்தவில்லை. வெள்ளிக்குள் போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். திங்கள் வேலைக்குப் போனபோது கடைக்கார அம்மா சொன்னார்: "வெள்ளி மத்தியானம் ரீவியில ஒருத்தி வந்தா. அந்த ஒல்லிப் பெட்டையின்ர பாட்டுக்குச் சும்மா வாயை வாயை ஆட்டினா. இந்த வயசில வெக்கமில்லையோ?" ஓர்கனுக்கு ஆள் இல்லாமல் டேப்பைப் போட்டிருக்கிறார்கள் என்று விளங்கியது. அது அவருடைய சொந்தக் குரல்தான் என்று அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அடுத்த சட்டையை எடுத்தேன்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமையில் மண்டபப் பக்கம் போவதை விட்டேன், பழகுவதைப் புதன் இரவுக்கு மாற்றிக்கொண்டேன். அப்படியே ஆறு வருடம் ஓடியது.

1997இல் ஒரு பெண் கடைக்கு வந்து, பையிலிருந்து அந்தப் பச்சைச் சட்டையை எடுத்து வைத்தார். தன் அக்காவுக்கு நோய் முற்றிவிட்டது, உடம்பு பாதியாகிவிட்டது, ஆனாலும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறாள் என்றார். டிரை கிளீனிங் மருந்து பட்டால் அந்த மினுக்கம் போய்விடும். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையாலேயே கழுவி, இரு பக்கமும் பிடித்துத் தைத்தேன். செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "ஆறு வருடம் பிந்திவிட்டாய். இது உனக்கே அதிகம்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன், தம்பியையும், அந்தச் சொல்லையும்.

"அப்படியென்றால் அத்தனை செவ்வாயும் நீ வாக்குக் கொடுக்கவில்லை. சும்மா போய்க்கொண்டுதான் இருந்தாயா?"

"ஓம் அக்கா."

"உன் தம்பியைப் பற்றிச் சொல்லியிருந்தால், ஓர்கன் வேண்டாமென்று தனியாகப் பாடியிருப்பேன். எனக்கு ஏலாதா? நீ வருவாய், வருவாய் என்று வாசலிலேயே நின்றேன். நேரம் போய்விட்டது என்று அவர்கள் டேப்பைப் போட்டுவிட்டார்கள். அப்போதும் உண்மையாகத்தான் பாடினேன். ஒருவரும் நம்பவில்லை."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு ஏதோ ஒன்று வலித்தது.

"ஒரேயடியாகப் போகும்போது என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றும் சொல்லமாட்டோம். செத்தவீட்டில் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட வேண்டும்."

"இங்கே இன்னும் யாரும் சாகவில்லை. உன் பாஷையிலேயே சொல்லிவிட்டுப் போ."

"வாறன்" என்றேன். அந்தப் பச்சைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும் போனேன். கடையில் வாங்கிய சின்ன கீபோர்டை மடியில் வைத்து வாசிப்பேன், அவர் முணுமுணுப்பார். புறப்படும்போது வாறன் என்பேன். குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் தங்கையும் அதைக் கேட்டுக்கேட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்லப் பழகிவிட்டார். மாரி தொடங்கும்போது அக்கா போய்விட்டார்.

அவருடைய தேவாலயத்தில் அடக்க ஆராதனை. ஒரு பாட்டுக்கு நான் வாசிக்க வேண்டும் என்று தங்கை கேட்டார். அந்தச் சனம் எங்கள் சனத்தைப்போல் இழுக்காது, கைதட்டிக்கொண்டு பறக்கும். நான் அங்கேயும் குரல் வரட்டும் என்று காத்திருந்து வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்தேன். வர வேண்டிய குரல் வரவில்லை. சனம் ஒரு வரி முன்னால் போய்விட்டது. நான் பிடிக்க முயலவில்லை.

முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு, முறைப்படி, சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டேன். வாசலில் தங்கை நின்றார்.

"கீழே சாப்பாடு இருக்கிறது. வருகிறாயா?"

"வாறன்" என்றேன்.

அவருக்கு அந்தச் சொல்லின் ஓர் அர்த்தம்தான் தெரியும். தலையை ஆட்டி, என்னைக் கட்டிப்பிடித்து, "கவனமாகப் போ" என்று எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அப்படியே போயிருக்கலாம். எனக்கு அது கைவந்த காரியம்.

"இல்லை, இது மற்ற வாறன்" என்று சொல்லி, கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் படியிறங்கினேன்.