கிளட்சுக்கு அடியில் கிடந்த சாக்கு

காலையில் வண்டிக் கதவைத் திறந்ததும், சாவி போடுவதற்கு முன்னால், குனிந்து கிளட்சுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. தெரியும். ஆனாலும் தடவாமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.

தொண்ணூறுகளில் இங்கே வங்காளத்தில், லேக் கார்டன்ஸில், ஒரு தமிழ் பாங்க் ஆபீசரிடம் டிரைவராக இருந்தேன். நம்ம பாஷை பேசுகிறவன் என்று வேலை கொடுத்தார். எனக்கு அவர் சார்தான். ஒரு மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று வண்டிக்குள்ளும் புகுந்தது. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று சார் ஒரு சணல் சாக்கை நாலாக மடித்துத் தன் கையாலேயே என் சீட்டுக்கு முன்னால் தரையில் போட்டு, மேலே ரப்பர் மேட்டை விரித்தார். மறுநாளிலிருந்து கியர் முரண்டு பிடித்தது. ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று தெருவே திரும்பிப் பார்க்கும். “எட்டாங்கிளாஸோட நின்ன கைக்கு எந்தக் கியர்டா விழும்?” என்பார் சார், பின்சீட்டில் அவர் வீட்டு மாமியும் இருக்கும்போதே. “இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் வேற ஆள்தான்.”

மகளுக்கு அப்போது எட்டு மாதம். பயத்தில் வீட்டில் சப்பாத்திக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கியர் மாற்றிப் பழகினேன். “அதைக் குடுங்க, மாவு காயுது” என்றாள் மனைவி. என் கையைச் சந்தேகித்தேன், காலைச் சந்தேகித்தேன், கியர் ஆயிலைச் சந்தேகித்தேன். சாக்கு நினைவுக்கே வரவில்லை. சார் செய்ததில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் இன்றும் ஆறவில்லை.

கடைசியில் மிஸ்திரியிடம், அதாவது மெக்கானிக்கிடம், கொண்டுபோனேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டார், சுலபமாக விழுந்தது. எஞ்சினை ஓடவிட்டுப் போட்டார், விழவில்லை. “அண்ணே, கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. கிளட்ச்தான் முழுசா அமுங்கல” என்றார் வங்காளத்தில். அப்போதுதான் குனிந்தேன். சாக்கை உருவியதும் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சார் சந்தோஷப்படுவார் என்று வாயெல்லாம் பல்லாக ஓடினேன். “சாக்குதான் சார் கிளட்சைத் தடுத்திருக்கு!”

அவர் முகம் சிறுத்துப்போனது. “கியரைக் கடிக்க விட்டது நீ. பழி எம்மேலயா? சாவியை வெச்சுட்டுப் போ.”

பல வருஷம் கழித்து அதே ஊரில், சால்ட் லேக் பக்கம், நான் ஓட்டும் கம்பெனி வண்டிக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். கூட வந்த மகனிடம், “நம்ம பழைய வண்டியோட கியரைக் கெடுத்தானே, அவன்தான்டா இவன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். “சௌக்கியமா சார்?” என்று வேறு கேட்டேன்.

இன்று காலையும் குனிந்து தடவினேன். வெறும் தரைதான். முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை. இருந்தும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.