பெரியப்பாவை நான் கூட்டி வந்த நாள்

எங்கள் தாமான் குடியிருப்பைத் தாண்டி, ஆயர் குரோவில் லாரிகள் ஓடும் பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பத்தடி பின்னால் பெரியப்பா வந்துகொண்டிருந்தார். கைலி, உள்பனியன், காலில் அவர் மருமகளின், அதாவது என் அண்ணியின் சிலிப்பர்.

வீட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தது நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா இறந்ததும் அம்மா என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு ஜோகூருக்கு வேலைக்குப் போயிருந்தார். பள்ளியில் சொல்லித் தருவது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கடலோரம் உம்பாயில் மீன் சாப்பாட்டுக் கடைகளில் தட்டு கழுவ ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அது போதுமாக இருந்தது. அண்ணி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்தேன். பூட்ட மறந்துவிட்டேன்.

பூட்டு பெரியப்பாவுக்காகப் போட்டது. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் பாலுக்காக ரப்பர் மரம் சீவியவர் அவர். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனாலும் அவர் மகன், அதாவது அண்ணன், அப்பா இத்தனை காலம் நடந்தது போதும் என்று சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டார். தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பெரிய வாழ்வு. அப்பனை உட்கார வைத்தவன் நல்ல பிள்ளை. சோறும் தேநீரும் அவர் இருந்த இடத்துக்கே வந்தன. சில மாதங்களில் அவருக்குக் கிழமை மறந்தது. அடுத்து ஆட்களின் முகம் மறந்தது. வெளியே போனால் தொலைந்துவிடுவார் என்று கேட்டில் பூட்டு ஏறியது.

"வீட்டுக்குப் போங்க பெரியப்பா" என்றேன்.

"நேரமாச்சு, நடடா" என்று என் அப்பாவின் பெயரைச் சொல்லி அதட்டினார்.

அந்தச் சாலையில் அவரை விட்டுப் போகவும் முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளவும் முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் நடந்தேன். முதலில் காலை இழுத்து இழுத்து வந்தவர், போகப் போக என்னை முந்திக்கொண்டார். சாலையோரம் யாருடையதோ சின்ன ரப்பர் தோட்டம். கேட்காமலே உள்ளே நுழைந்தார். மரம் சீவுகிறவர்கள் ஒரு நிரையில் ஏறி அடுத்த நிரையில் இறங்குவார்கள்; அவரும் அப்படியே போனார். ஒவ்வொரு மரத்தின் பட்டையிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"ஆழமா வெட்டிட்டான். மரம் என்னாத்துக்கு ஆவும்? இவன் கையில யாருலா கத்திய குடுத்தது?"

நாலாவது நிரையில் இறங்கும்போது நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ தம்பி மவன்தானே?"

"ஆமா பெரியப்பா."

"ஸ்கூல் இல்லியா? பையில என்னா?"

"சட்டை."

"ஓடுறியா?"

தலையாட்டினேன்.

"ஓடுறவன் கெழவன இட்டுக்கிட்டா ஓடுவான், மடையா? நட வீட்டுக்கு."

அன்று காலையில் சொந்த மகனையே யாரென்று கேட்டவர் இவர். நாற்காலியில் இருந்தவர் பெரியப்பாவா, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போகிறவர் பெரியப்பாவா என்று எனக்குக் குழம்பியது. பயமாகக்கூட இருந்தது. ஒரு முனையில் நான் தவறாகத் திரும்பினேன். "அது இல்லடா, சூராவ் பக்கத்து சாலான்" என்று சின்னப் பள்ளிவாசலை ஒட்டிய தெருவைக் காட்டித் திருத்தினார்.

வீட்டு வாசலில் கூட்டம். அண்ணன் பேக்டரியிலிருந்து பாதி ஷிப்டில் ஓடி வந்திருந்தார். அழுதிருந்தார்.

"லாரி அடிச்சிருந்தா என்னா ஆவுறது மாமா?" என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பினார். "இவரு எப்படி வெளிய போனாரு? நீ எங்கடா போன?"

பெரியப்பா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாந்தான் வழி தெரியாம போயிட்டேன்" என்றார். "பையன் தேடி வந்து கூட்டியாந்தான்."

நான் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். பெரியப்பாவை இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்துக் காலைத் தூக்கி மேலே வைத்தார்கள். புத்தி இந்த அளவுக்குப் போய்விட்டதே என்று பக்கத்து வீட்டு ஆண்ட்டி வருத்தப்பட்டார். பொய் சொல்லி என்னைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கா புத்தி இல்லை? அன்று எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. தப்பித்துவிட்டேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் அண்ணன் முடிவு சொன்னார். படிப்பு ஏறாத பையன் இனி வீட்டில் இருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும், கைச்செலவுக்குத் தருகிறேன் என்றார். பள்ளிக்கூடம் இல்லை என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலை வேலையில் சேர்ந்தேன். கஷ்டமான வேலை இல்லை. பெரியப்பா எழும்போதெல்லாம் தோளைப் பிடித்து மெல்ல அழுத்தி உட்கார வைக்க வேண்டும். முதல் நாள் ஓயாமல் எழுந்தார். மாதக் கடைசியில் எழுந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். பையன் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அண்ணி அன்று பாராட்டியதுபோல் எந்த முதலாளியும் என்னைப் பாராட்டியதில்லை.