தாய்மாமன் மடியில் மகளை ஒட்டிய கதை

என் மகளுக்குக் காது குத்தியபோது அவளை மடியில் வைத்திருக்க வேண்டியவன் என் தம்பி. தாய்மாமன் அவன் ஒருவன்தான். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இவள் பிறப்பதற்கு முன்னால் போனவன். ஒவ்வொரு முறையும் லீவு தள்ளிப்போய்க் கொண்டே இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் கோயில் வாசலில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் உட்கார்ந்து காரியத்தை முடித்துவைத்தார். குறை ஒன்றும் இல்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். சாப்பிட்டவர்கள் வேறென்ன சொல்வார்கள்? எனக்கு மனசு ஆறவில்லை.

தம்பிக்கும் ஆறவில்லை. அறையில் வேட்டி கட்டி, நாற்காலியில் வெறும் மடியோடு உட்கார்ந்து, தன்னைத்தானே வீடியோ எடுத்து அனுப்பினான். கூடவே போனும் செய்தான்.

"யக்கா, பிள்ளைய எப்படியாச்சும் என் மடியில வச்சிரு. அந்தப் படத்த நான் வச்சிக்கிடுதேன்."

வீட்டு டேப்லெட்டில் வீடியோ எடுத்து வெட்டி ஒட்ட எனக்குத் தெரியும். பச்சைத் துணிக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து எடுத்தால் போதும். பச்சையை மட்டும் அழித்துவிட்டு ஆளை வேறொரு வீடியோவின் மேல் வைத்துவிடலாம். பழைய பச்சைச் சேலை ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் முந்தானையால் முக்காலியையும் மூடி, மகளை உட்காரவைத்தேன். அவளுக்கு உடுத்தியது மாமன் சீர்ப் பட்டுப்பாவாடை. அவன் பணம் அனுப்பி, பாளையங்கோட்டையில் நான் பார்த்துப் பார்த்து எடுத்தது. அது இல்லாமல் என்ன மாமன் மடி?

அந்தப் பாவாடையும் சட்டையும்கூடக் கிளிப்பச்சை. என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, எடுத்ததைத் தம்பியின் வீடியோ மேல் வைத்துப் பொத்தானைத் தட்டியதும் சேலையோடு பாவாடையும் சட்டையும் சேர்ந்து போய்விட்டன. மகளின் தலையும் கைகளும் பாவாடையின் சிவப்புக் கரையும் மட்டும் மிதந்தன. நடுவில் தம்பியின் வெறும் மடி அப்படியே தெரிந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த மடியைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் எங்களோடு இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து, சேலைக்குப் பதில் நீலப் போர்வையைக் கட்டி மறுபடியும் எடுத்தேன். அழிக்க வேண்டிய நிறத்தையும் நீலமாக மாற்றினேன். இந்த முறை பாவாடை தப்பித்தது. மகளைச் சின்னதாக்கி, கொஞ்சம் கீழே இறக்கி, இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். அம்சமாக உட்கார்ந்துவிட்டாள். பார்க்கிறவர்கள் சத்தியமாக நம்புவார்கள். உடனே அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான்.

"நல்லாருக்குக்கா. வேலைக்குப் போவாம அதையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

மறுபடியும் அதை ஓடவிட்ட சத்தம் போனில் கேட்டது.

"பிள்ள கனமா இருப்பாளாக்கா?" என்று கேட்டான்.

வயசுக்கேற்ற கனம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வந்து தூக்கிப் பாருலே" என்றேன்.